முப்பது அடி

வளையைப் பூட்டுவதற்கு முன்னால், அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கைதிக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். அது விதி. நன்னடத்தை அலுவலர் பிலோமினா இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல நிதானமாகவே சொல்வார்.

"இடது காலை நீட்டுங்க."

சுடலைமணி பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினான். சாம்பல் நிறத்தில், விரல் தடிமனில், ரப்பர் மாதிரி வளையும் ஒரு பொருள். அரசாங்கக் கடிதங்களில் அதற்குக் 'கண்காணிப்பு வளை' என்று பெயர். சிறைக்குள் எல்லோருக்கும் அது கொலுசு.

"இது நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லும். அது பழைய சங்கதி. புதுசு என்னன்னா, இதுக்குக் காது உண்டு. உங்களைச் சுத்தி முப்பது அடிக்குள்ள யாராவது யாரையாவது அடிச்சா இதுக்குத் தெரிஞ்சிரும். சுவருக்கு அந்தப் பக்கம்னாலும் தெரியும்."

"பேசுறதெல்லாம் கேக்குமா மேடம்?"

"கேக்கும், ஆனா வச்சுக்காது. அடிச்ச சத்தமும், அதோட அலறலோ பயத்துல ஒருத்தர் மூச்சு மாறுறதோ சேர்ந்து வந்தாத்தான் பதிவாகும். ஒருதடவை பதிவாயிட்டா யாராலயும் அழிக்க முடியாது. கோர்ட்டுல அதையே சாட்சியா எடுத்துக்கிடுவாங்க."

"டிவில சண்டை நடந்தா?"

பிலோமினா சிரித்தார். "முதல்ல வந்த வளையெல்லாம் அதுக்கும் கத்துச்சு. மாமனார் வீட்டுல உக்காந்து சினிமா பாத்த ஒருத்தரை வண்டி வந்து ஏத்திட்டு வந்துருச்சு. இப்ப சரிபண்ணிட்டாங்க. நிஜ அடியும் சினிமா அடியும் அதுக்குப் பிரிச்சுத் தெரியும்."

"நான் யாரையும் அடிக்க மாட்டேன் மேடம்."

"நீங்கதான் அடிக்கணும்னு இல்ல. இதை நல்லாக் கேட்டுக்கோங்க. யாரு அடிச்சாங்கன்னு வளை பாக்காது. முப்பது அடிக்குள்ள அடி விழுந்தா கத்தும். ரோந்து வண்டி வரும். முதல் வேலையா உங்களை ஏத்திட்டு வந்துரும். விசாரணையெல்லாம் அப்புறம்தான். லீவு அன்னைக்கோட முடிஞ்சது. அதனால எங்கயாவது தகராறுன்னா வேடிக்கை பாத்துட்டு நிக்காதீங்க, விலகிப் போயிருங்க. தெரிஞ்சே பக்கத்துல போனா நிபந்தனையை மீறினதா ஆயிரும்."

"யாரோ அடிச்சதுக்கு நான் எதுக்கு மேடம் திரும்பி வரணும்?"

"கைதி இருந்த இடத்துல அடிதடின்னு சேதி வரக்கூடாதுன்னு போட்ட விதி. நான் போட்டதில்ல."

அவர் வளையைப் பூட்டினார். சிறிய பச்சை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.

சுடலைமணி ஆயுள் கைதி. தூத்துக்குடியில் உப்புக் கிட்டங்கி ஒன்றில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தவன். ஒன்பது வருடங்களுக்கு முன்னால், எல்லோர் முன்னாலும் தன் செத்துப்போன தாயை இழுத்துப் பேசிய மேஸ்திரியை இரும்புக் கம்பியால் அடித்தான். ஒரே அடிதான். மூன்றாம் நாள் மேஸ்திரி ஆஸ்பத்திரியில் இறந்தார். நீதிமன்றத்தில் சுடலைமணி எதையும் மறுக்கவில்லை. சிறையில் இதுவரை ஒரு தகராறும் இல்லை. அடுத்த முன்விடுதலைப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. இந்த இரண்டு வார விடுப்பைப் பிசகில்லாமல் முடித்துவிட்டு வந்தால், பட்டியலில் இருக்கும் பெயர் உத்தரவில் ஏறிவிடும்.

மனைவி செல்வராணிக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் நடந்திருந்தது. மகள் கோயம்புத்தூரில் நிறைமாதக் கர்ப்பிணி, வர முடியாது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் விடுப்பு வாங்கியிருந்தான்.

"உங்க சமூகக் காவலரு பக்கத்து வீட்டு ரெக்சன்" என்றார் பிலோமினா. விடுப்பில் போகும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தெருவில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வளை எங்கே இருக்கிறது என்று அவருடைய போனில் தெரியும். தினமும் ஒரு வரி அறிக்கை அவர் அனுப்ப வேண்டும். "நல்ல மனுஷன். கேட்டதுமே சரின்னுட்டாரு. சில பேருக்குக் கூடப்பிறந்த தம்பிகூட கையெழுத்துப் போட மாட்டேங்கிறான்."

*

துறைமுகத்துக்குப் பக்கத்து வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. படிக்கட்டு ஏறியதும் வலது பக்கம் செல்வராணியின் வீடு, இடது பக்கம் ரெக்சன் வீடு. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் இடம்.

சுடலைமணி வந்து இறங்கியபோது ரெக்சன் கீழேயே நின்றிருந்தான். நாற்பதை நெருங்கும் வயது, நல்ல உயரம், சிரித்த முகம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இப்போதெல்லாம் கிரேனில் யாரும் ஏறுவதில்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஓட்டுவதுதான்.

"வாங்க அண்ணாச்சி! அக்கா நல்லாருக்காவ. ஆஸ்பத்திரிக்கு நாந்தான் கூட்டிட்டுப் போனேன், நாந்தான் கூட்டிட்டு வந்தேன். நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க." அவன் போனை எடுத்துக் காட்டினான். தெருவின் படத்தில் ஒரு நீலப் புள்ளி. "இந்தா பாருங்க, இதுதான் நீங்க."

சுடலைமணி கையெடுத்துக் கும்பிட்டான். ரெக்சன் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

அந்த பிளாக்கில் ரெக்சன் உதவாத வீடே கிடையாது. தண்ணீர் மோட்டார் பழுதானாலும், யாருக்காவது நெஞ்சுவலி என்றாலும், முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட உடனே வருவான்.

அவன் மனைவி ஜெனிட்டா. முதல் நாள் மத்தியானம் ரசமும் பருப்புத் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அக்காவுக்கு ஒறைப்பு சேக்கக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

ஒன்பது வருடம் கழித்து ஒரே வீட்டில் இருப்பது சுடலைமணிக்கும் செல்வராணிக்கும் கூச்சமாக இருந்தது. விருந்தாளி வந்தவன்போல டம்ளர் எங்கே, உப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் அவளுக்குத் தலை வாரிவிட்டான். சிக்கெடுக்கத் தெரியாமல் இழுத்தான். அவள் சிரிக்கப்போய்த் தையல் வலித்தது. "சிரிக்க வைக்காதீங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

காலையில் மீன் வாங்க மார்க்கெட்டுக்கு அவனே போனான். திரும்பி வரும்போது ரெக்சன் வீட்டில் பாட்டுச் சத்தம் பெரிதாகக் கேட்கும். அவன் முதல் மாடி ஏறுவதற்குள் பாட்டு நின்றுவிடும். முதல் நாள் அதை அவன் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள், என்னடா இது என்று தோன்றியது. மூன்றாம் நாள் பாட்டு நின்ற பிறகு, கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அன்று மத்தியானம் ரெக்சன் வேலைக்குப் போனதும் ஜெனிட்டா வந்தாள். செல்வராணி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, நாளையிலருந்து மீன நான் வாங்கியாந்து தாரேன். நீங்க எங்கயும் போவ வேண்டாம்."

"இல்லம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்? எனக்கும் கொஞ்சம் நடந்தாப்ல இருக்கும்."

அவள் போகவில்லை. அவன் காலில் இருந்த வளையைப் பார்த்தாள்.

"நீங்க வீட்டுல இருந்தா அவுக கை நீட்ட மாட்டாவ. போனுல பாத்துக்கிட்டே இருப்பாவ. நீங்க தெருவத் தாண்டுனதும் பாட்டப் போட்டுருவாவ."



"எதுக்கும்மா அடிக்கான்?"

"எதுக்குன்னு இல்ல அண்ணாச்சி. சோறு ஆறிருச்சுன்னா ஆறுனதுக்கு. சூடாருந்தா சூடாருக்கதுக்கு." அதைச் சொல்லும்போதும் வாயை மறைத்துக்கொண்டாள். "நீங்க வந்த பெறவுதான் பகல்ல பயமில்லாம உக்காந்து சாப்புடுதேன். அதான் கேட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

மறுநாள் அவன் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அடுத்த வீட்டில் பாட்டும் கேட்கவில்லை. ஜெனிட்டா பாத்திரம் கழுவும்போது எதையோ முணுமுணுத்துப் பாடுவது சுவர் வழியாகக் கேட்டது.

அடுத்த நாள் ரெக்சன் வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன அண்ணாச்சி, வெளியவே காணோம்? ஜெயிலுக்குள்ளதான் அடஞ்சி கெடந்தீங்க, இங்கயுமா? பீச்சுப் பக்கம் போயிட்டு வாங்க. நாந்தான் காவலு, நானே சொல்லுதேன்."

"ராணியத் தனியா விட்டுட்டுப் போவ மனசில்ல தம்பி."

"அக்காவ ஜெனிட்டா பாத்துக்கிடுவா." ரெக்சன் சிரித்துக்கொண்டே போனைத் தொடையில் தட்டினான். "தெனமும் ரிப்போர்ட்டுல 'நல்லபடியா நடந்துக்கிடுதாரு'ன்னுதான் போடுதேன். வேற மாதிரி ஒரு வார்த்த போட்டா என்னாவும்னு உங்களுக்கே தெரியும். நான் அப்டிப் போட மாட்டேன். நமக்குள்ள அப்டியா பழகியிருக்கோம்?"

அவன் போன பிறகு சுடலைமணி கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான்.

"உனக்குத் தெரியுமா ராணி?"

செல்வராணி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "தெரியும். அவ கல்யாணமாயி வந்ததுலருந்தே தெரியும்."

"நீ ஒண்ணும் கேக்கலியா?"

"ஒருக்கா கேட்டேன். மறுநாள் அதுக்கும் சேத்து அவளுக்குத்தான் விழுந்துச்சு. அப்புறம் கேக்கல."

"போலீசுக்குப் போவலாம்லா?"

"அவளும் ஒருக்கா போனா. யாரு சாட்சின்னு கேட்டிருக்காவ. யாரு சொல்லுவா? இந்த பிளாக்குல அவன்கிட்ட நன்றிக்கடன் இல்லாதவ யாரு? என்னயும் சேத்துத்தான். நான் வலியில துடிச்சிக்கிட்டுக் கெடக்கையில அந்தக் கையாலதான் என்னயத் தூக்கிட்டு எறங்கினான்."



"இப்பம் சாட்சி இருக்கு" என்றான் சுடலைமணி. காலை நீட்டிக் காட்டினான்.

செல்வராணிக்குப் புரிய நேரமாகவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். "வேண்டாம். பட்டியல்ல பேரு இருக்கு. பேத்தியோ பேரனோ பொறந்து வரும்போது நீங்க வீட்டுல இருக்கணும்னு நான் எத்தன நாளா நெனச்சிட்டுக் கெடக்கேன்?"

"நான் அவன ஒண்ணும் செய்ய மாட்டேன். பக்கத்துல போயி நின்னாப் போதும்."

"அன்னைக்கும் காலையில சாப்பாட்டுத் தூக்குவாளியக் கையில வாங்கிட்டுத்தான் போனீங்க. நீங்க ஒருத்தன ஒண்ணு செய்வீங்கன்னு அன்னைக்கு எனக்குத் தெரியுமா?"

சுடலைமணி எழுந்து போய் அரிசி களைந்தான். சாயங்காலம்வரை அவள் அவனோடு பேசவில்லை.

மறுநாள் காலை அவன் கஞ்சி வைத்துக் கொடுத்தான். அவள் குடித்து முடித்து டம்ளரை நீட்டினாள். வாங்கும்போது அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ரெக்சன் இன்னைக்கு மத்தியானத்துக்கு மேலதான் வேலைக்குப் போறான். மார்க்கெட்டுக்குப் போறதுன்னா போங்க."

அவன் அவளைப் பார்த்தான்.

"ஆனா வாசப்படியத் தாண்டி உள்ள போவக் கூடாது. படிக்கட்டுலயே உக்காந்திரணும். என்ன கேட்டாலும் உக்காந்திரணும். என் தலையில அடிச்சிச் சத்தியம் பண்ணுங்க."

அவன் சிக்கெடுத்து வாரிவிட்ட அந்தத் தலையில் கையை வைத்தான்.

*

பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். ரெக்சன் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மார்க்கெட்டுக்கா அண்ணாச்சி? சாள மீனு நல்லா வருதாம், பாத்து வாங்குங்க."

"சரி தம்பி."

தெருவைத் தாண்டி, மார்க்கெட் திருப்பத்தில் இருந்த டீக்கடை வரை போனான். நீலப் புள்ளி அங்கே வந்து சேர்வதை ரெக்சன் பார்த்திருப்பான். ஒரு டீ வாங்கினான். பாதி குடித்தான். மீதியைக் கீழே ஊற்றிவிட்டுத் திரும்பி நடந்தான். முதலில் மெதுவாகத்தான் நடந்தான். குடியிருப்பின் வாசல் வரும்போது ஓடினான். கீழேயிருந்தே பாட்டுச் சத்தம் கேட்டது.

இரண்டாவது மாடியைத் தாண்டி, மூன்றாவது மாடிக்குப் போகும் படிகளில் நடுப்படியில் உட்கார்ந்தான். பக்கத்துச் சுவர் ரெக்சன் வீட்டுச் சமையலறைச் சுவர்.

பாட்டுக்கு அடியில் அந்தச் சத்தம் கேட்டது. வேறு எதுவோடும் சேர்த்து நினைக்க முடியாத சத்தம். ஜெனிட்டா கத்தவில்லை. பழகிப்போனவள்போல மூச்சைத்தான் இழுத்து இழுத்து விட்டாள்.

வளை கத்தவில்லை.

பழுதாகிவிட்டதோ என்று குனிந்து பார்த்தான். அது நடுங்கிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு மஞ்சளாகியிருந்தது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. சினிமா அடிக்குக் கத்தியதைச் சரிபண்ணியிருக்கிறார்கள் அல்லவா, அந்தச் சரிபண்ணல்தான் இது. நிஜ அடி என்று உறுதியாகும்வரை அது காத்திருக்கிறது. உறுதியாக ஒரு அடி போதாது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சுடலைமணி இரண்டு கைகளாலும் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கம்பி இரும்பு. கிட்டங்கியில் அன்று கையில் இருந்ததும் இதே கனம்தான். மேலே கதவு வெறுமனே சாத்தித்தான் இருக்கும். எட்டே எட்டுப் படி. அவன் கால்கள் தாமாகவே எழுந்தன. சத்தியத்தை நினைத்தானா, பட்டியலை நினைத்தானா என்று பிறகு யோசித்தபோது இரண்டும் இல்லை என்றே தோன்றியது. மேஸ்திரி விழுந்த பிறகு கிட்டங்கியில் இருந்த அமைதிதான் நினைவுக்கு வந்தது. மறுபடி உட்கார்ந்தான். கம்பியை விடவில்லை.

வளை கத்தியது. காதைக் கிழிக்கிற சத்தம். பிளாக் முழுவதும் கேட்டிருக்கும்.

பாட்டு நின்றது. கதவு திறந்தது. ரெக்சன் பனியனோடு வெளியே வந்தான். கையில் போன் இருந்தது. போனையும், படியில் உட்கார்ந்திருந்த சுடலைமணியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீரு மார்க்கெட்டுக்குல்லா போனீரு?"

எல்லா மாடிகளிலும் கதவுகள் திறந்தன. யாரும் கிட்டே வரவில்லை. ரெக்சனுக்குப் பின்னால், சமையலறை வாசலில், ஜெனிட்டா தரையில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இந்தமுறை வாயை மறைத்துக்கொள்ளவில்லை. முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. அது பழைய உடைசல். இன்றைய ரத்தம் மூக்கில் இருந்தது.

ரோந்து வண்டி வந்தது. விதிப்படி முதலில் சுடலைமணியைத்தான் பிடித்தார்கள். செல்வராணி ஒரு கையால் வயிற்றையும் மறுகையால் சுவரையும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். படியிறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மாத்திரைய அலமாரி மேல் தட்டுல வச்சிருக்கேன்" என்றான் சுடலைமணி. "சாப்பாட்டுக்குப் பெறவு மறக்காமப் போட்டுக்கோ."

அவள் தலையாட்டினாள்.

*

ஒரு வாரம் கழித்து பிலோமினா சிறைக்கு வந்தார். மேஜையில் இருந்த பதிவுக் கருவியை அணைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இது பதிவாகாது. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. ரெக்சனை ரிமாண்ட் பண்ணிருக்காங்க. அவரு வக்கீல் என்ன சொல்றாருன்னா, புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னைக்கோ ஒருநாள் நடந்த சண்டை, தவறுதலா கொலுசுல மாட்டிக்கிச்சுன்னு. அந்தப் பொண்ணும் முதல்ல வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொல்லுச்சு."

"இப்பமும் அப்டித்தான் சொல்லுதா?"

"இல்ல. பதிவைப் போட்டுக் காட்டினோம். அடியெல்லாம் கேக்கும்போது தலையக் குனிஞ்சிட்டே இருந்துச்சு. கடைசியில 'மார்க்கெட்டுக்குல்லா போனீரு'ன்னு அவரு கேக்குறது வருதுல்லா, அப்ப நிமிந்துச்சு. தெனமும் இப்படித்தான் பாத்து வச்சு அடிப்பாவன்னு அழுதுச்சு. ஆனா அது ஒருத்தி சொல்றது மட்டும்தான். கூட யாராவது சொன்னாத்தான் நிக்கும்."

பிலோமினா குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப உங்க விஷயம். மார்க்கெட்டுக்குப் போனவரு ஏன் திரும்பி வந்தாருன்னு நான் அறிக்கை எழுதணும். பைய மறந்துட்டேன், மாத்திரை குடுக்க மறந்துட்டேன், எதையாவது சொல்லுங்க. தற்செயல்னு எழுதிருவேன். பட்டியல்ல உங்க பேரு அப்படியே இருக்கும். தெரிஞ்சே போனேன்னு சொன்னா பேரை எடுத்துருவாங்க. அடுத்த ரெண்டு வருஷத்துக்கு லீவும் கிடையாது."

"தற்செயல்னு எழுதினா, அவன் வக்கீலு அதப் பிடிச்சுக்கிடுவாருல்லா?"

பிலோமினா அணைத்து வைத்திருந்த கருவியைப் பார்த்தார்.

"கருவியப் போடுங்க மேடம்."

"சுடலைமணி, உங்க சம்சாரத்தை நினைச்சுப் பாருங்க."

"மார்க்கெட்டுக்குப் போங்கன்னு சொன்னதே அவதான்."

பிலோமினா கருவியைப் போட்டார். சுடலைமணி நடந்ததைச் சொன்னான். தான் வெளியே போன நாட்களில் பாட்டுக் கேட்டது, போகாத நாட்களில் கேட்காதது, ஜெனிட்டா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது, ரெக்சன் வெளியே போகச் சொல்லி வற்புறுத்தியது. அடி விழும் என்று தெரிந்துதான் திரும்பி வந்தேன் என்பதையும் சொன்னான். பையை டீக்கடையிலேயே விட்டுவிட்டு வந்ததாகவும், இனி அது கிடைக்காது என்றும் சொன்னான். பிலோமினா அதையும் எழுதிக்கொண்டார்.

பட்டியல் வெளியானபோது அவன் பெயர் அதில் இல்லை. கோயம்புத்தூரில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போட்டோவைச் சிறைக் கண்ணாடி வழியாகச் செல்வராணி காட்டினாள். அவளோடு ஜெனிட்டாவும் வந்திருந்தாள். அவன் திரும்பிப் போன நாளிலிருந்து செல்வராணிக்குச் சோறு பொங்கிப் போட்டதும், தையல் பிரிக்கக் கூட்டிப்போனதும் ஜெனிட்டாதான். தான் வேலை பார்த்த இறால் பதனிடும் கம்பெனியில் செல்வராணி அவளைச் சேர்த்துவிட்டிருந்தாள். இருவரும் ஒரே வண்டியில் வேலைக்குப் போனார்கள்.

பிளாக்கில் எல்லோரும் அவர்களோடு பேசுவதில்லை. ரெக்சனுக்கு மூன்று வருடத் தண்டனை கிடைத்ததும், குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. கொலுசு போட்ட யாரையும் இனி இந்தக் குடியிருப்புக்குள் விடக்கூடாது, எங்கள் வீட்டுக்குள் நடப்பதை அரசாங்கம் ஒட்டுக்கேட்பதை ஏற்க முடியாது என்று கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள். மோட்டார் பழுதாகி இரண்டு நாள் தண்ணீர் வராதபோது, ஒருத்தி செல்வராணியின் காதில் விழும்படி, "ரெக்சன் இருந்தா இப்டிக் கெடந்து அல்லாடுவோமா?" என்றாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு பிலோமினா மறுபடி வந்தார். வேறொரு கைதியின் விடுப்பு வேலையாக வந்தவர், சுடலைமணியையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"வளையோட காதை எடுத்துரலாமான்னு மேல யோசிக்கிறாங்க" என்றார். "நிறைய தெருவுல இருந்து மனு வந்திருக்கு. இடத்தை மட்டும் காட்டினாப் போதும்னு."

"எடுத்துருவாவளா?"

"எடுத்தாலும் எடுப்பாங்க." அவர் பேனாவை மூடித் திறந்தார். "இன்னொரு மாதிரிக் கோரிக்கையும் வந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். போன வாரம் ஆபீசுக்கு ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க. ஜெயிலுக்குள்ள யாரு இருக்காங்க, புருஷனா மகனான்னு கேட்டேன். யாரும் இல்லன்னாங்க. லீவுல வர்ற கைதி யாருக்காவது தங்க இடமில்லன்னா, எங்க தெருவுல ஒரு அறை காலியா இருக்கு, அங்க விடுவீங்களான்னு கேட்டாங்க."

சுடலைமணி நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன குத்தம் பண்ணவரா இருந்தாலும் பரவால்லியாம். வாடகையும் வேண்டாமாம். காலுல கொலுசு மட்டும் இருக்கணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

"அப்படி ஒரு விதி இல்லன்னு சொன்னேன்."

வெளியே வார்டன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுடலைமணி கொஞ்சம் யோசித்தான். லீவு கேட்டே இராத, போக வீடில்லாத ஆட்கள் அவன் இருந்த சிறை பிளாக்கில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

"எந்தத் தெரு மேடம் அது?"

பிலோமினா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"என் தெருதான்" என்றார். "ஒருத்தி எனக்கு அடுத்த வீடு. பதினோரு வருஷமா ஒரே சுவருக்கு ரெண்டு பக்கமும் இருக்கோம். நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."